நுண்துளை முறையில் நுரையீரல் சிகிச்சை: மருத்துவ நிபுணர்களின் பங்கு

முன்னுரை

நெஞ்சைப் பெரிதாகத் திறக்காமல், மூச்சுக்குழாய் வழியாகவோ, ஊசி வழியாகவோ, விலா எலும்புகளுக்கு இடையே இடப்படும் சிறு துளைகள் வழியாகவோ நுரையீரல் நோயைக் கண்டறிந்து குணப்படுத்தும் முறைகளே நுண்துளை நுரையீரல் சிகிச்சை எனப்படுகின்றன. இம்முறைகளில் தழும்பு சிறியது, வலி குறைவு, நோயாளி விரைவில் வீடு திரும்ப இயலும். இதனால் பல குடும்பங்கள் இதனை எளிய சிகிச்சை என்று கருதி, மேற்கொண்டு எதையும் கேட்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிடுகின்றன.

துளை சிறியதாயினும் சிகிச்சைக்கு முன் எடுக்கப்படும் முடிவுகள் பெரியவை. நோய் என்ன? அது எங்கு, எவ்வளவு பரவியுள்ளது? நோயாளியின் உடல் இச்சிகிச்சையைத் தாங்குமா? எந்த வழியில் செய்வது நல்லது? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கூறுபவர் ஒரே மருத்துவர் அல்லர். ஒவ்வொரு கேள்விக்கும் உரிய நிபுணர் யார், அவரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன தெரிவிக்க வேண்டும் என்பதை நோயாளிகளுக்கும் உடனிருந்து கவனிப்போருக்கும் இக்கட்டுரை விளக்குகிறது.

நுரையீரலை அடையும் மூன்று வழிகள்

1. மூச்சுக்குழாய் வழி
விளக்கும் கேமராவும் பொருத்தப்பட்ட, வளையக்கூடிய மெல்லிய குழாயை மூக்கு அல்லது வாய் வழியாகச் செலுத்தி மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் பார்ப்பது பிராங்கோஸ்கோப்பி ஆகும். உடலின் வெளிப்புறத்தில் வெட்டு எதுவும் இடப்படுவதில்லை. குழாயின் முனையில் அல்ட்ராசவுண்ட் கருவி இணைக்கப்பட்டிருந்தால், மூச்சுக்குழாய்ச் சுவருக்கு வெளியே உள்ள நிணநீர் முடிச்சுகளையும் பார்த்து, அவற்றிலிருந்து ஊசி மூலம் மாதிரி எடுக்கலாம். இது ஈபஸ் எனப்படுகிறது.

2. ஊசி வழி
நுரையீரலின் வெளிப்புறத்தை ஒட்டியுள்ள கட்டியிலிருந்து, சி.டி. ஸ்கேன் அல்லது அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி தோல் வழியாக ஊசி செலுத்தித் திசுவை எடுக்கலாம். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரையும் சீழையும் இவ்வழியில் வெளியேற்றலாம்.

3. விலா இடைவெளி வழி
விலா எலும்புகளுக்கு இடையே இடப்படும் ஒன்று முதல் நான்கு வரையிலான துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யப்படுவது தொரகாஸ்கோப்பி. அறுவைச் சிகிச்சையாகச் செய்யப்படும்போது இது வாட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. சில மருத்துவமனைகளில் இதே பணி ரோபோ கருவியின் உதவியுடனும் செய்யப்படுகிறது. அப்போதும் கருவியை இயக்குபவர் அறுவை நிபுணரே.

இம்முறைகள் புதியவை அல்ல. 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மருத்துவர் குஸ்டாவ் கில்லியன், மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை நேரான குழாய் ஒன்றின் உதவியால் அகற்றினார். 1910இல் சுவீடன் மருத்துவர் யாகோபியஸ், நெஞ்சறையின் உட்புறத்தைக் கருவி வழியாகப் பார்க்கும் முறையை வெளியிட்டார். 1960களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இகெடா வளையும் பிராங்கோஸ்கோப்பை உருவாக்கினார். 1990களில் வீடியோ கேமராவின் வருகைக்குப் பின்னர், நுரையீரலின் ஒரு மடலையே துளை வழியாக அகற்றுவது இயன்றது.

வலி ஏன் குறைகிறது?

நுரையீரல் திசுவில் வலியை உணரும் நரம்புகள் மிகக் குறைவு. திறந்த அறுவையில் விலா எலும்புகளை விரித்துப் பிடிப்பதாலும், அவற்றின் கீழ் ஓடும் நரம்புகள் அழுத்தப்படுவதாலுமே பெரும்பகுதி வலி ஏற்படுகிறது. நுண்துளை முறையில் விலாக்கள் விரிக்கப்படுவதில்லை. பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வில், வாட்ஸ் முறையில் நுரையீரல் மடல் அகற்றப்பட்டவர்கள், திறந்த அறுவைச் சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து வாரங்களுக்குப் பின் நன்றாக நடமாடினர். மருத்துவமனையில் தங்கிய காலமும் குறைவாக இருந்தது.

எந்த நிலைகளில் இச்சிகிச்சை பயன்படுகிறது?

• நுரையீரலில் காணப்படும் கட்டி அல்லது நிழலின் தன்மையைக் கண்டறிதல்
• தொடக்க நிலை நுரையீரல் புற்றுநோயை அகற்றுதல்
• நுரையீரல் உறையில் காரணம் தெரியாமல் நீர் தேங்குதல்
• நுரையீரல் உறையில் சீழ் கட்டுதல்
• நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சறையில் தங்குதல், குறிப்பாக மீண்டும் மீண்டும் நேரும்போது
• மூச்சுக்குழாய் கட்டியால் அடைபடுதல் அல்லது சுருங்குதல்
• மூச்சுக்குழாயில் அயற்பொருள் சிக்குதல்

நிபுணர்களும் அவர்களின் பொறுப்பும்

நுரையீரல் மருத்துவ நிபுணர்

நோயாளி முதலில் சந்திக்க வேண்டியவர் இவரே. நோயின் வரலாறு, செய்த தொழில், புகைப் பழக்கம், விறகடுப்புப் புகை, குடும்பத்தில் காசநோய் ஆகியவற்றை இவர் கேட்டறிகிறார். சளிப் பரிசோதனைக்கும் மூச்சுத்திறன் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்கிறார். இவரைச் சந்திப்போரில் பலருக்கு மருந்தே போதுமானது. துளையிடும் சிகிச்சை தேவையில்லை என்று கூறுவதும் இவருடைய பொறுப்பில் அடங்கும்.

நுரையீரல் மருத்துவர்களில் பிராங்கோஸ்கோப்பி, ஈபஸ், தொரகாஸ்கோப்பி ஆகியவற்றில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் உள்ளனர். திசு எடுத்தல், அடைபட்ட மூச்சுக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் பொருத்துதல், அயற்பொருளை அகற்றுதல் ஆகியன இவர்களின் பணிகள்.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு: வேர்க்கடலை, சீத்தாப்பழ விதை போன்றவை மூச்சுக்குழாயில் சிக்கினால் எக்ஸ்ரே படத்தில் தெரியாமல் போகலாம். விளையாடிக்கொண்டோ உண்டுகொண்டோ இருந்த குழந்தைக்குத் திடீரெனப் புரையேறி, பின்னர் இருமலும் மூச்சில் விசில் போன்ற ஒலியும் நீடித்தால், எக்ஸ்ரே இயல்பாக இருந்தாலும் மருத்துவரிடம் அந்நிகழ்வைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

கதிரியல் நிபுணர்

சி.டி. ஸ்கேன், பெட் ஸ்கேன் படங்களை ஆராய்ந்து, கட்டியின் அளவு, இடம், அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் ஆகியவற்றைக் கணிக்கிறார். ஊசி வழித் திசு எடுப்பும் பெரும்பாலும் இவருடைய பணியே. இவருக்கு மிகவும் உதவுவது நோயாளியின் பழைய படங்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயிலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால், அது ஆறிப்போன பழைய தழும்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை எறிந்துவிடாமல் பாதுகாத்து, ஒவ்வொரு சந்திப்பிற்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.

நோய்க்குறியியல் நிபுணரும் நுண்ணுயிரியல் நிபுணரும்

நோயாளி பெரும்பாலும் இவர்களை நேரில் காண்பதில்லை. ஆனால் நோயின் பெயரை உறுதி செய்பவர்கள் இவர்களே. நோய்க்குறியியல் நிபுணர் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, புற்றுநோய் உள்ளதா, எவ்வகை என்று தீர்மானிக்கிறார். நுண்ணுயிரியல் நிபுணர் காசநோய்க் கிருமி, பூஞ்சை ஆகியவற்றைத் தேடுகிறார்.

புற்றுநோய்க்கான ஆய்வுக்குத் திசு ஃபார்மலின் திரவத்தில் இடப்படுகிறது. ஃபார்மலினில் இட்ட திசுவில் கிருமி உயிருடன் இராது. எனவே அதிலிருந்து காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க இயலாது. அதற்குத் திசுவின் ஒரு பகுதியைத் தனியாக உப்புநீரில் இட்டு அனுப்ப வேண்டும். காசநோய் ஐயம் இருக்குமாயின், "இரண்டு ஆய்வுகளுக்கும் திசு அனுப்பப்படுகிறதா?" என்று சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இதனால் இன்னொரு முறை திசு எடுக்கும் நிலையைத் தவிர்க்கலாம்.

மார்பு அறுவைச் சிகிச்சை நிபுணர்

வலப்பக்க நுரையீரலில் மூன்று மடல்களும் இடப்பக்கத்தில் இரண்டு மடல்களும் உள்ளன. நோயுற்ற பகுதியில் எவ்வளவை அகற்றுவது, அதைத் துளை வழியாகச் செய்ய இயலுமா என்பவற்றை முடிவு செய்பவர் இவர். முழு மடலையும் அகற்றுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஜப்பானில் 2 செ.மீ. அல்லது அதற்குக் குறைந்த அளவுள்ள, நுரையீரலின் வெளிப்பகுதியில் அமைந்த தொடக்க நிலைக் கட்டிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், மடலின் ஒரு கூறினை மட்டும் அகற்றியவர்களின் ஆயுள் குறையவில்லை எனத் தெரிந்தது. எனினும் அதே இடத்தில் நோய் மீண்டும் தோன்றுவது அவர்களிடம் மிகுதியாக இருந்தது. ஆகவே எவருக்கு எது பொருந்தும் என்பதைக் கட்டியின் அளவு, இடம், நோயாளியின் மூச்சுத்திறன் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்கின்றனர். புற்றுநோயாயின், சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவதும் அறுவையின் இன்றியமையாத பகுதியாகும்.

மயக்கவியல் நிபுணர்

வாட்ஸ் அறுவையின்போது நோயுற்ற பக்க நுரையீரலைச் சுருங்கச் செய்து, மற்றொரு நுரையீரலால் மட்டும் நோயாளியைச் சுவாசிக்க வைக்க வேண்டியுள்ளது. இதற்கெனப் பெரும்பாலும் இரட்டை வழிக் குழாய் ஒன்று மூச்சுக்குழாயில் பொருத்தப்படுகிறது. ஒற்றை நுரையீரலின் சுவாசத்தை நோயாளியின் இதயமும் உடலும் தாங்குமா என்று மதிப்பிடுபவர் இவரே. மூச்சுத்திறன் பரிசோதனை, இதயப் பரிசோதனை, நடைப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகளை இவர் ஆராய்கிறார்.

இவரிடம் எதையும் மறைத்தல் கூடாது. உட்கொள்ளும் எல்லா மருந்துகள், நாட்டு மருந்துகள், ஒவ்வாமை, ஆடும் பல் அல்லது செயற்கைப் பல், முந்தைய அறுவையில் நேர்ந்த சிக்கல், மது மற்றும் புகைப் பழக்கம் ஆகிய அனைத்தையும் தெரிவிக்க வேண்டும்.

புற்றுநோய் மருத்துவ நிபுணர்கள்

திசு முடிவு புற்றுநோய் என வருமாயின், அறுவைக்கு முன்னரோ பின்னரோ மருந்துச் சிகிச்சை தேவையா, கதிர்வீச்சு பொருந்துமா என்பவற்றை இவர்கள் முடிவு செய்கின்றனர். அறுவையைத் தாங்க இயலாத நோயாளிக்குத் துல்லியமான கதிர்வீச்சுச் சிகிச்சை மாற்று வழியாக அமையலாம்.

இயன்முறைச் சிகிச்சையாளரும் செவிலியரும்

அறுவைக்குப் பின் நுரையீரலை மீண்டும் விரியச் செய்வதும், சளியை இருமி வெளியேற்றக் கற்பிப்பதும், நோயாளியை விரைவில் நடக்க வைப்பதும் இவர்களின் பணி. அறுவைக்குப் பிந்தைய நிமோனியாவைத் தடுப்பதில் இவர்களின் பங்கு பெரிது.

காசநோயா, புற்றுநோயா? திசு முடிவின் இன்றியமையாமை

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் உள்ளார். நீடித்த இருமல், எடை குறைதல், சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், எக்ஸ்ரேயில் நிழல் ஆகியன காசநோயிலும் காணப்படலாம். நுரையீரல் புற்றுநோயிலும் காணப்படலாம். இதனால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, கிருமி உறுதி செய்யப்படாமலேயே காசநோய் மாத்திரைகள் தொடங்கப்பட்டு, குணமாகும் என்ற நம்பிக்கையில் மாதங்கள் கழிந்துவிடுவது. உண்மையில் புற்றுநோயாக இருந்தால், துளை வழியாக அகற்றக்கூடிய நிலையில் இருந்த கட்டி இக்காலத்தில் பரவிவிடக்கூடும். இரண்டாவது, மாத்திரையால் குணமாகக்கூடிய காசநோய்க் கட்டியைப் புற்றுநோய் எனக் கருதி நுரையீரலின் ஒரு பகுதியையே அகற்றிவிடுவது.

இவ்விரண்டையும் தவிர்க்கவே சிறு துளையிட்டுத் திசு எடுக்கப்படுகிறது. "ஊசி போட்டால் கட்டி பரவிவிடும்" என்ற அச்சத்தால் பலர் திசு ஆய்வைத் தள்ளிப்போடுகின்றனர். அவ்வாறு பரவுவது மிக அரிது. நோயின் பெயர் தெரியாமல் காலம் கடத்துவதால் நேரும் தீங்கு அதனினும் பெரிது.

பின்வருவனவற்றை நினைவில் கொள்ள வேண்டும்:

• காசநோய் மருந்து தொடங்கப்பட்டிருந்தால், சளியில் கிருமி உறுதி செய்யப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
• மருந்து உட்கொண்டும் இரண்டு மாதங்களில் முன்னேற்றம் இல்லையெனில் நுரையீரல் மருத்துவரிடம் மறு ஆய்வு கோருங்கள். இரத்தம் கலந்த சளியோ எடைக் குறைவோ மிகுந்தால் அதுவரை காத்திராதீர்கள். மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.
• "புற்றுநோய்ச் செல்கள் காணப்படவில்லை" என்ற முடிவு, புற்றுநோய் இல்லை என்பதற்கு உறுதி ஆகாது. எடுக்கப்பட்ட சிறு திசுவில் நோயுள்ள பகுதி வராமல் போயிருக்கலாம். மருத்துவரின் ஐயம் நீங்காவிடில் மறுமுறை திசு எடுக்க வேண்டியிருக்கும்.

சில வேளைகளில், கட்டி இருக்கும் இடம் காரணமாக முன்கூட்டித் திசு எடுக்க இயலாது. அப்போது அறுவையின்போதே சிறு பகுதியை எடுத்து உடனடி ஆய்வுக்கு அனுப்பி, அம்முடிவைப் பெற்ற பின்னர் அறுவையைத் தொடர்வது உண்டு. இதனை அறுவை நிபுணர் முன்னரே நோயாளிக்கு விளக்குவார்.

கூட்டு ஆலோசனை

மேற்கண்ட நிபுணர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரு நோயாளியின் படங்களையும் திசு முடிவையும் ஆராய்ந்து சிகிச்சையைத் தீர்மானிப்பது கூட்டு ஆலோசனை ஆகும். புற்றுநோய் ஐயமுள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் இது பயனுள்ளது. "என் நோய் கூட்டு ஆலோசனையில் விவாதிக்கப்பட்டதா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. இரண்டாம் கருத்துக் கேட்பதும் அவ்வாறே. அதற்காகத் திசு ஆய்வறிக்கையின் நகலையும், தேவைப்பட்டால் திசு வில்லைகளையும் ஆய்வகத்திலிருந்து பெறலாம்.

துளை வழியில் தொடங்கித் திறந்த அறுவையாக மாறினால்

இரத்தக் கசிவு, பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச் சுவருடன் ஒட்டியிருத்தல், கடினமான நிணநீர் முடிச்சுகள் ஆகிய காரணங்களால், நுண்துளை அறுவை இடையில் திறந்த அறுவையாக மாற்றப்படலாம். இதனைத் தோல்வியாகவோ மருத்துவரின் பிழையாகவோ கருத வேண்டியதில்லை. நோயாளியின் உயிரைக் காக்க எடுக்கப்படும் முடிவு இது. ஒப்புதல் படிவத்தில் இதற்கான இசைவும் கேட்கப்படும். கையெழுத்திடுமுன் இவ்வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டறியுங்கள்.

சிகிச்சைக்கு முன்

• புகைப்பதை உடனே நிறுத்துங்கள். அறுவைக்கு முன் குறைந்தது நான்கு வாரங்கள் புகைக்காமலிருப்பது நன்மை தரும். புகையிலையைக் கைவிட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண்: 1800-11-2356.
• இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர், அதனை எப்போது நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்துவது ஆபத்தானது.
• நீரிழிவு மருந்துகளுக்கும் தனி அறிவுரை பெறுங்கள்.
• கூறப்பட்ட நேரத்திலிருந்து உணவு, நீர் எதையும் உட்கொள்ளாதீர்கள். "ஒரு வாய் காப்பிதானே" என்று கொடுப்பது, மயக்கத்தின்போது உணவு நுரையீரலுக்குள் செல்ல இடமளிக்கும்.
• மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பயன்படுத்தும் முறையை அறுவைக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் பின்

பிராங்கோஸ்கோப்பிக்குப் பின் தொண்டை மரத்திருக்கும். உணர்வு முழுமையாகத் திரும்பி, மருத்துவர் அனுமதிக்கும் வரை எதையும் விழுங்கக் கூடாது. திசு எடுத்திருந்தால் ஓரிரு நாள் சளியில் சிறிதளவு இரத்தம் தென்படலாம்.

வாட்ஸ் அறுவைக்குப் பின் நெஞ்சில் குழாய் ஒன்று பொருத்தப்பட்டு, நீர் உள்ள குப்பியுடன் இணைக்கப்பட்டிருக்கும். கவனிப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

• குப்பி எப்போதும் நோயாளியின் நெஞ்சு மட்டத்திற்குக் கீழே, நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும்.
• குழாய் மடங்காமலும் நோயாளியின் உடலுக்கு அடியில் அழுந்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.
• மூச்சுக்கு ஏற்பக் குழாயில் நீர் ஏறி இறங்குவது இயல்பானது.
• மருத்துவரோ செவிலியரோ கூறாமல் குழாயைக் கவ்வியால் அடைக்கக் கூடாது.
• குழாய் கழன்றாலோ குப்பி கவிழ்ந்தாலோ உடனே செவிலியரை அழைக்க வேண்டும்.

வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழ்ந்து மூச்சு விடாமலும் இருந்தால் சளி தேங்கும். தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். வலி நிவாரணி தேவையெனில் தயங்காமல் கேளுங்கள். கனமான பொருள் தூக்குதல், வாகனம் ஓட்டுதல், விமானப் பயணம் ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள்

• திடீர் மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சு வலி
• வாய் நிறைய இரத்தம் இருமுதல்
• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• காயத்திலிருந்து சீழ் வடிதல், காயத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்குதல்
• கழுத்திலோ நெஞ்சிலோ தோலுக்கடியில் வீக்கம், தொட்டால் நொறுநொறுவென்ற உணர்வு
• ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி

மூச்சுத் திணறலோ மிகுந்த இரத்தப்போக்கோ இருந்தால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இச்சிகிச்சை நோயைக் கண்டறியவா, குணப்படுத்தவா?
2. திசு முடிவு கிடைத்துவிட்டதா? இல்லையெனில் ஏன்?
3. எனக்கு வேறு வழிகள் உள்ளனவா? எதுவும் செய்யாவிட்டால் என்னவாகும்?
4. இச்சிகிச்சையைச் செய்யப்போகும் நிபுணர் யார்? இங்கு இது வழக்கமாகச் செய்யப்படுகிறதா?
5. என் மூச்சுத்திறன் அறுவைக்குப் பின் எவ்வளவு இருக்கும்?
6. திறந்த அறுவையாக மாறும் வாய்ப்பு எவ்வளவு?
7. வீடு திரும்பிய பின் சந்தேகம் எழுந்தால் யாரைத் தொடர்பு கொள்வது?

செலவும் காப்பீடும்

காசநோய்க்கான பரிசோதனையும் மருந்துகளும் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் பயன்பெறலாம். குறிப்பிட்ட சிகிச்சையும் குறிப்பிட்ட மருத்துவமனையும் திட்டத்தில் உள்ளனவா என்பதை, அனுமதிக்கப்படுவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முடிவாக

நுண்துளைச் சிகிச்சையின் நன்மை துளையின் அளவால் மட்டும் அமைவதன்று. நோயின் பெயர் உறுதியாகி, உடலின் தாங்குதிறன் அளக்கப்பட்டு, நிபுணர்கள் கலந்து பேசி, நோயாளியும் புரிந்துகொண்டு இசைந்த பின்னர் செய்யப்படும்போதே அது முழுப் பயன் தருகிறது. இந்நிபுணர்களிடையே படங்களையும் அறிக்கைகளையும் கொண்டு சேர்ப்பவர் பல வேளைகளில் உடனிருந்து கவனிப்பவரே. எல்லா ஆவணங்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள். அடுத்து முடிவெடுக்கப்போகும் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. தங்களின் நோய்நிலைக்கு ஏற்ற அறிவுரையைத் தங்கள் மருத்துவரிடமே பெற வேண்டும்.